பெட்டி போட்ட கணக்கு

என் கணவருக்கு எல்லாக் கணக்கும் பார்த்தாலே தெரிந்துவிடும். எனக்குப் பார்த்தால் தாள் தெரியும், தாளில் இருக்கும் எழுத்து தெரியும். அதற்கு மேல் தலைகீழாக நின்றாலும் ஒன்றும் தெரியாது. எங்கள் இல்லற வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அவர் விரைவுநிலையில் படித்தவர். நான் வழக்கநிலை, அதிலும் தொழில்நுட்பப் பிரிவு. சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தொடக்கப்பள்ளி முடியும்போது ஒரு தேர்வு வைத்து எங்களைப் பிரித்தார்கள். கெட்டிக்காரர்கள் ஒரு பக்கம், சுமாரானவர்கள் ஒரு பக்கம், மிச்சம் ஒரு பக்கம். நான் மிச்சம். பேச்சில் ‘டெக்னிக்கல்’ என்பார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் முன்பின் தெரியாதவர்கூட நாலு வார்த்தை பேசியதும் எந்த ஸ்கூல், எக்ஸ்பிரஸா நார்மலா என்று கேட்டுவிடுவார். பதில் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு பரிவு வரும். அந்தப் பரிவைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் வகுப்புக்கு வந்த கணக்கு ஆசிரியர், எக்ஸ், ஒய் வரும் பாடத்தைத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, “இதெல்லாம் பின்னால உங்களுக்குத் தேவைப்படாது” என்று பக்கத்தைப் புரட்டினார். கோபமாகச் சொல்லவில்லை. எங்கள் சுமையைக் குறைப்பதாக நினைத்து அன்பாகத்தான் சொன்னார். எனக்குப் பின்னால் எது தேவைப்படும் என்று எனக்கே தெரியாதபோது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. அப்போது நாங்கள் கைதட்டினோம்.

பின்னால் அது தேவைப்பட்டது. பிடோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு இரண்டு புளோக் தள்ளி இருக்கும் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் நான் உதவியாளர். பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுவது, கழுவிவிடுவது, தூங்கவைப்பது என் வேலை. டீச்சர் லீவு போட்டால் பாட்டும் கதையும் எண்ணும் எழுத்தும் சொல்லிக்கொடுத்து வகுப்பை முழுதாக ஓட்டுவதும் என் வேலை. ஆனாலும் நான் ‘ஆன்ட்டி’. டிப்ளமா வாங்கிக்கொண்டு நேற்று வந்த பெண், பாடச் சொன்னால் வெட்கப்பட்டுக் கைப்பேசியில் பாட்டுப் போடுகிற பெண், அவள் ‘டீச்சர்’. ஒரு நாள் நாலு வயதுக் குழந்தை ஒன்று என்னைத் தவறிப்போய் டீச்சர் என்று கூப்பிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த குழந்தை உடனே திருத்தியது. “அது டீச்சர் இல்ல. ஆன்ட்டி.” அதற்கும் நாலு வயதுதான்.

அன்றைக்கு முடிவு செய்தேன். நானும் அந்த டிப்ளமாவைப் படிப்பது. அதில் சேர ஓ லெவல் என்கிற உயர்நிலைப்பள்ளி இறுதித் தேர்வு வேண்டும். மற்ற பாடங்களைத் தனித் தேர்வராக எழுதி ஒவ்வொன்றாகத் தாண்டினேன். ஆங்கிலம் தட்டுத்தடுமாறி வந்தது, தமிழ் நன்றாகவே வந்தது. கணக்கு மட்டும் மிச்சம். கணக்கில் தேர்ச்சி என்றால் இடம் உண்டு, இல்லையென்றால் இல்லை. நான் டீச்சரா ஆன்ட்டியா என்பது கடைசியில் எக்ஸ், ஒய்யிடம் போய் நின்றது.

“டியூஷனுக்கு எதுக்கு வெளிய போற? வீட்டுலயே இன்ஜினியர் இருக்கேன் லா” என்றார் கணவர்.

உண்மையாகவே ஆசையாகச் சொன்னார். அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவள் ஆவேன். வாரம் முழுக்க விடியுமுன் கம்பெனி பஸ் பிடித்து ஊரின் மறுகோடியில் இருக்கும் ஜூரோங்குக்குப் போய் வருகிற மனிதர், சனிக்கிழமை காலைத் தூக்கத்தை விட்டுக்கொடுத்துச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். எனக்கும் சேர்த்து காப்பி கலந்து கொண்டுவந்தார். எங்கள் மகள் அப்போது தொடக்கநிலை ஐந்தில் இருந்தாள். அவள் எதிர் நாற்காலியில் தன் வீட்டுப்பாடத்தை வைத்துக்கொண்டு உட்காருவாள். பார்க்கிறவர்களுக்கு ரொம்ப நல்ல குடும்பமாகத் தெரிந்திருக்கும்.

முதல் சனிக்கிழமை அவர் கொடுத்த கணக்கு எனக்கு மறக்காது. ஒரு தாயின் வயது மகளின் வயதைப்போல மூன்று மடங்கு. பன்னிரண்டு வருடம் கழித்து இரண்டு மடங்காக இருக்கும். மகளின் வயது இப்போது என்ன?

அவர் பேனாவை எடுத்தார். மகள் எக்ஸ், தாய் மூன்று எக்ஸ் என்று எழுதினார். கீழே நீளமாக ஒரு சமன்பாடு. அதற்குக் கீழே, எக்ஸ் சமம் பன்னிரண்டு. இரண்டு கோடு போட்டு முடித்துவிட்டார்.

“இந்த வரிக்கும் இந்த வரிக்கும் நடுவுல என்னங்க நடந்துச்சு?”

“ஒண்ணும் நடக்கல. பாத்தாலே தெரியுதே.”

“எனக்குத் தெரியலையே.”

“ரெண்டு எக்ஸ இந்தப் பக்கம் கொண்டு வா. பன்னெண்ட அந்தப் பக்கம் தள்ளு. அவ்ளோதான்.”

“ஏன் தள்ளணும்?”

அவர் என்னைப் பார்த்தார். கேலியாக இல்லை, நிஜமான ஆச்சரியத்தோடு. சோற்றை ஏன் வாயில் போட வேண்டும் என்று கேட்டுவிட்டவளைப் பார்ப்பதுபோல இருந்தது. “ஏன்னா? அப்படித்தான் செய்வாங்க. இதெல்லாம் செகண்டரி டூவிலயே முடிஞ்சு போச்சு” என்றார். அவருக்கு முடிந்து போயிருந்தது. எனக்குத் தொடங்கவே இல்லை.

அவர் பிஸ்கட் எடுக்க எழுந்து போனார். நான் பென்சிலை எடுத்துப் பெட்டி போட்டேன். தொடக்கப்பள்ளியில் இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கிற வழி அது. விரைவுநிலை, வழக்கநிலை என்று பிரிப்பதற்கு முன்னால், எல்லாரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்த காலத்தில் கற்றது. அதில் நான் மோசமில்லை.

மகளுக்கு ஒரு பெட்டி. தாய்க்கு அதே அளவில் மூன்று பெட்டி. மகளைவிடத் தாய்க்கு இரண்டு பெட்டி அதிகம். பன்னிரண்டு வருடம் போனால் இரண்டு பேருக்கும் ஒரே அளவு வயது கூடும், ஆகவே அந்த இரண்டு பெட்டி வித்தியாசம் மாறாது. அப்போது தாயின் வயது மகளுடையதுபோல இரண்டு மடங்கு. அப்படியென்றால் வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவுதான் மகளின் வயது. ஆக அன்றைக்கு மகளுக்கு இரண்டு பெட்டி. இன்றைக்கு ஒரு பெட்டி. நடுவில் கூடிய அந்த ஒரு பெட்டிதான் பன்னிரண்டு வருடம். மகளுக்கு வயது பன்னிரண்டு, தாய்க்கு முப்பத்தாறு.

ஒரு இடத்திலும் எதையும் எந்தப் பக்கமும் தள்ளவில்லை. எனக்கு ஒவ்வொரு அடியும் கண்ணுக்குத் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் தாளைத் திருப்பி அவரிடம் காட்டினேன்.

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு மகளைக் கூப்பிட்டார். “இங்க பாரு, உன்னோட ஹோம்வொர்க்க அம்மா செஞ்சிருக்காங்க.” அவளும் எட்டிப்பார்த்துச் சிரித்தாள், பாவம், குழந்தைதானே. பிறகு என்னிடம் திரும்பினார். “பெட்டி போடுறது சின்னப் பிள்ளைங்க வேலை. பரீட்சைல இத வரைஞ்சு வெச்சா மார்க் போடுறவன் சிரிப்பான். டெக்னிக்கல் புத்தி போகல பாரு.”

‘டெக்னிக்கல் புத்தி’ எங்கள் வீட்டு நகைச்சுவை. சாவியை மறந்தால், எம்ஆர்டியில் ஒரு நிலையம் தாண்டி இறங்கினால், குழம்பில் உப்பு கூடினால் அவர் அதைச் சொல்வார். கல்யாணமான புதிதில் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். கையை ஓங்கத் தெரியாதவர், குடிக்காதவர், நல்லவர். அப்படிப்பட்டவர் வாயிலிருந்து வருகிற சொல்லுக்குக் கோபப்பட்டால் கோபப்படுகிறவள்தான் அற்பமாகத் தெரிவாள். அதனால் பல வருடம் சிரித்தேன். எந்த நாளில் சிரிப்பு நின்றது என்று தெரியாது, ஆனால் நின்றுவிட்டது.

அதன் பிறகு சனிக்கிழமைகள் ஒரே மாதிரி போயின. அவர் இரண்டு வரி எழுதுவார், நடுவில் நாலு வரி விழுங்குவார். கேட்டால் பார்த்தாலே தெரியுதே என்பார். திரும்பக் கேட்டால் பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சுக்குப் பயந்து நான் கேட்பதை நிறுத்தினேன். அதற்குப் பதில் ஒரு தந்திரம் பழகினேன். அவர் கணக்கைக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போவார். அந்த நேரத்தில் மெல்லிசாகப் பென்சிலால் பெட்டி போட்டு விடையைக் கண்டுபிடிப்பேன். குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் ரப்பரை எடுத்துப் பெட்டிகளை அழித்துவிட்டு, விடையை மட்டும் பேனாவால் எழுதிவைப்பேன். ரப்பர் தூளை ஊதித் தள்ளுவேன். அவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து விடையைப் பார்ப்பார், முகம் மலரும்.

“பாத்தியா? இப்ப உனக்கும் பாத்தாலே தெரியுதுல்ல?”

“ஆமாங்க” என்பேன்.

எதிர் நாற்காலியில் மகள் உட்கார்ந்திருப்பாள். ஒரு தடவை மேசையில் மிச்சமிருந்த ரப்பர் தூளைத் தன் கையால் துடைத்துவிட்டாள். எனக்கு உதவி செய்கிறாள் என்று நினைத்தேன்.

தேர்வு தீபாவளி நெருக்கத்தில் வந்தது. சிராங்கூன் ரோட்டில் விளக்கெல்லாம் போட்டாகிவிட்டது. மாமியாருக்கு நூறு முறுக்காவது சுற்றாவிட்டால் அது தீபாவளி இல்லை. முறுக்கு சுட்ட கையோடு போய்த் தேர்வு எழுதினேன். பெரிய மண்டபம், வரிசையாக மேசைகள், பாதிப் பேர் என் மகளைவிடக் கொஞ்சம் பெரிய பிள்ளைகள். வினாத்தாளின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது, செய்முறையைக் காட்டாமல் விட்டால் மதிப்பெண் குறையும் என்று. படித்தேன். படித்துவிட்டுத்தான் பிறகு அந்தத் தப்பைச் செய்தேன்.

ஒரு தொட்டிக் கணக்கு வந்தது. ஐந்தில் இரண்டு பங்கு தண்ணீர் இருக்கிறது, இவ்வளவு லிட்டர் ஊற்றினால் நாலில் மூன்று பங்காகிறது, தொட்டி முழுக்க எவ்வளவு பிடிக்கும் என்கிற மாதிரி. எக்ஸ் போட்டு ஆரம்பித்தேன். பின்னங்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. எதை எந்தப் பக்கம் தள்ளுவது என்று புரியவில்லை. அடித்துவிட்டு ஓரத்தில் பென்சிலால் பெட்டி போட்டேன். தொட்டியை இருபது பெட்டியாகப் பிரித்தேன். எட்டில் தண்ணீர் இருக்கிறது, பதினைந்து வரை ஏறுகிறது, ஊற்றியது ஏழு பெட்டி. ஏழால் வகுத்தேன், இருபதால் பெருக்கினேன். விடை சுத்தமாக வந்தது.

பிறகு அந்தப் பெட்டிகளைப் பார்த்தேன். பள்ளிப்பிள்ளை வரைந்ததுபோல, கோணல்மாணலாக, இருபது பெட்டி. எங்கேயோ ஓர் அறையில் உட்கார்ந்து இதைப் பார்த்துச் சிரிக்கப்போகிற ஒரு ஆள் கண்முன் வந்தார். அவருக்கு என் கணவர் முகம் இருந்தது. ரப்பரை எடுத்து எல்லாவற்றையும் அழித்தேன். வெறும் விடையை மட்டும் எழுதினேன். இந்த ஒரு கணக்கில் மட்டுமில்லை, பெட்டி போட்ட எல்லாக் கணக்கிலும் அப்படித்தான் செய்தேன். சுத்தமாக அழிக்க வேண்டுமே என்று, எழுதியதைவிட அழிக்கத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். வெளியே வந்தபோது நிம்மதியாகக்கூட இருந்தது. விடை சரி, யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ஜனவரியில் முடிவு வந்தது. டி செவன். சி சிக்ஸ் என்றால் தேர்ச்சி. ஒரே ஒரு படி.

“பரவாயில்ல, விடு” என்று கணவர் தோளைத் தட்டினார். “எல்லாருக்கும் எல்லாம் வராது. நீ ட்ரை பண்ணியே, அதுவே பெருசு.” மாமியார் இந்த வயதில் எதற்கு இதெல்லாம் என்றார். இரண்டு பேரும் ஆறுதலாகத்தான் சொன்னார்கள். பாத்திரம் துலக்கிக்கொண்டே அழுதேன். தோற்றதற்காக அழவில்லை. விடையெல்லாம் சரியாக வந்ததே, பிறகு எப்படித் தோற்றேன் என்பது புரியாமல் அழுதேன்.

அடுத்த மாதமே தேக்கா பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியில் நடக்கிற மாலை வகுப்பில் சேர்ந்தேன். கீழே மாலை கட்டுகிற கடை, மேலே நாங்கள், என்னைப் போலத் தேர்வைத் திரும்ப எழுதுகிற பெரியவர்கள். கணவரிடம் மறைக்கவில்லை.

“ஏன், நான் சொல்லித்தந்தது போதலையா?” என்று கேட்டார்.

“போதல” என்றேன்.

கல்யாணமாகி முதல் தடவையாக அவரிடம் சுருக்கமாக ஒரு பதில் சொன்னேன். சில நாள் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் போய்ச் சமாதானம் செய்யவில்லை.

வகுப்பை எடுத்தவர் ஒரு மலாய்ப் பெண், என்னைவிட இளையவர். பேசுவது முழுக்க ஆங்கிலத்தில். போன வருடத் தேர்வில் எப்படி எழுதினீர்கள் என்று ஒவ்வொருவரையும் வெள்ளைப் பலகையில் மார்க்கரால் செய்துகாட்டச் சொன்னார். என் முறை வந்தபோது அந்தத் தொட்டிக் கணக்கைப் போட்டேன். பெட்டி வரைந்தேன், விடை எழுதினேன், பழக்கதோஷத்தில் கையாலேயே பெட்டிகளை அழித்தேன். உள்ளங்கை முழுக்க மை.

“ஏன் அழித்தீர்கள்?” என்று கேட்டார்.

“இது சின்னப் பிள்ளைகள் முறை.”

“தேர்விலும் அழித்தீர்களா?”

தலையாட்டினேன். அவர் நிதானமாகச் சொன்னார். சரியான வழி எதுவாக இருந்தாலும் அதற்கு மதிப்பெண் உண்டு. திருத்துகிறவர் கண்ணுக்கு வழி தெரியவேண்டும், அவ்வளவுதான். செய்முறையைக் காட்டு என்று கேட்ட இடத்தில் வெறும் விடை இருந்தால், பக்கத்து மேசையைப் பார்த்து எழுதியதா, குருட்டாம்போக்கில் வந்ததா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அந்த மாடியில் நின்றுகொண்டு எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வது. நான் கணக்குத் தெரியாமல் தோற்கவில்லை. தெரிந்த கணக்கை என் கையாலேயே அழித்துவிட்டுத் தோற்றிருக்கிறேன். யாரோ சிரிப்பார் என்பதற்காக. அந்த யாரோ என் வீட்டில் எனக்குக் காப்பி கலந்து கொடுக்கிறவர்.

ஆசிரியை இன்னொன்றும் செய்தார். என் பெட்டியைப் பலகையில் திரும்ப வரைந்து, அதற்குள் எக்ஸ் என்று எழுதினார். அவ்வளவுதான். தெரியாத எண்ணுக்கு நீங்கள் பெட்டி என்று பெயர் வைத்திருக்கிறீர்கள், மேல்வகுப்பில் எக்ஸ் என்று பெயர் வைக்கிறார்கள், இரண்டும் ஒன்றுதான் என்றார். நான் அந்த வயதுக் கணக்கை நினைத்துப் பார்த்தேன். மகள் எக்ஸ், தாய் மூன்று எக்ஸ், வித்தியாசம் இரண்டு எக்ஸ். பன்னிரண்டு வருடம் கழித்து மகள் எக்ஸும் பன்னிரண்டும். அது இரண்டு எக்ஸுக்குச் சமம். இரண்டு பக்கமும் ஒரு எக்ஸை எடுத்துவிட்டால் மிச்சம் எக்ஸ் சமம் பன்னிரண்டு. எதையும் எங்கேயும் தள்ளவில்லை. இரண்டு பக்கமும் ஒரே பெட்டியை எடுக்கிறோம். இவ்வளவுதானா? இதைச் சொல்லவா யாருக்கும் நேரமில்லை? பள்ளியில் பக்கத்தைப் புரட்டியவர், வீட்டில் பெருமூச்சு விட்டவர், யாராவது ஒருவர் பெட்டிக்குள் ஓர் எழுத்தை எழுதிக் காட்டியிருந்தால் போதுமே.

அந்த வருடம் முழுக்க வகுப்புக்கு முன்னால் தேக்கா சென்டர் சாப்பாட்டுக் கடைகள் நடுவில் ஒரு மேசையைப் பிடித்து, தே தாரிக் என்கிற ஆற்றிய டீ ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். ஒரு வரியில் ஒரு மாற்றம்தான் செய்வேன். ஒரு வரியையும் விழுங்கமாட்டேன். பக்கத்தில் மட்டன் வெட்டுகிற சத்தம், மேலே சுற்றுகிற மின்காற்றாடி, மேசையில் சிந்திய குழம்பு. தட்டு எடுக்க வருகிற சீனத்து அம்மா என் தாளைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போவார். அங்கே யாரும் சிரிக்கவில்லை. ரப்பரை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவேன். தப்பாகப் போனால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு அடுத்த வரியில் திரும்பத் தொடங்குவேன்.

அடுத்த ஜனவரியில் தேர்ச்சி பெற்றேன். சி ஃபைவ். பெரிய மதிப்பெண் இல்லை, ஆனால் டிப்ளமாவில் இடம் கிடைத்துவிட்டது.

பொங்கல் அன்று மாமியார் வீட்டில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். என் தேர்ச்சியைப் பற்றிப் பேச்சு வந்தது. நான் வாழை இலையில் சர்க்கரைப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தேன்.

“லேசுப்பட்ட வேலை இல்ல” என்று கணவர் எல்லாரிடமும் சொன்னார். “சனிக்கிழமை சனிக்கிழமை உக்காந்து ஸ்டெப் பை ஸ்டெப்பா சொல்லிக்கொடுத்தேன். டெக்னிக்கல் மூளைக்குள்ள அல்ஜீப்ராவ ஏத்துறதுன்னா சும்மாவா?”

எல்லாரும் சிரித்தார்கள். உன் புருஷனுக்குப் பொறுமை ஜாஸ்தி என்று ஒரு சித்தி என் கையைப் பிடித்தார். கரண்டி என் கையில் இருந்தது. பாத்திரத்தோடு கவிழ்த்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கவிழ்க்கவில்லை. பண்டிகை நாளில் சண்டை போட்டவள் என்ற பெயரையும் எதற்குச் சேர்த்துக்கொள்வது என்று அடுத்த இலைக்குப் போனேன். அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. நிஜமாகவே தான் சொல்லிக்கொடுத்ததாக நம்புகிறார். நான் அழித்த பெட்டிகள் எதையும் அவர் பார்த்ததே இல்லையே.

மகள் அந்த ஜனவரியில் உயர்நிலை ஒன்றுக்குப் போனாள். இப்போது விரைவுநிலை, வழக்கநிலை என்ற பெயர்களெல்லாம் இல்லை. பிள்ளைகள் மனம் நோகக்கூடாது என்று எடுத்துவிட்டார்கள். பாடத்துக்குப் பாடம் ஜி ஒன், ஜி டூ, ஜி த்ரீ என்று வைத்திருக்கிறார்கள். அவளுக்குக் கணக்கில் ஜி டூ.

“ஜி டூன்னா பழைய நார்மல்தானே லா” என்றார் கணவர். “கணக்குல மட்டும் அம்மா வழி.”

மகள் சிரித்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அந்தச் சிரிப்பை எனக்கு நன்றாகத் தெரியும், பல வருடம் நானே அதைச் சிரித்திருக்கிறேன்.

போன வாரம் ஒரு மாலை. நான் வேலையிலிருந்து வந்து அடுப்பில் பருப்பை வைத்திருந்தேன். அவள் சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணனிடம் தம்பியைப்போல மூன்று மடங்கு ஸ்டிக்கர் இருக்கிறது, அண்ணன் இருபது கொடுத்தால் இரண்டு பேருக்கும் சமமாகிவிடும். தாளில் பென்சிலால் பெட்டி போட்டிருந்தாள். அண்ணனுக்கு மூன்று, தம்பிக்கு ஒன்று. ஒரு பெட்டி கைமாறினால் இரண்டுக்கு இரண்டு, ஆகவே ஒரு பெட்டி இருபது. அழகாக வந்திருந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

வெளியே இரும்புக் கேட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. மகள் பென்சில் பெட்டியிலிருந்து ரப்பரை எடுத்தாள். வேகமாக, ஆனால் பதற்றமில்லாமல், நன்றாகப் பழகிய கையால் பெட்டிகளை அழித்தாள். தூளை ஊதினாள்.

“ஏன்டா அழிக்கிற?”

“அப்பா சிரிப்பாரும்மா.”

அத்தனை சனிக்கிழமையும் நான் எதிர் நாற்காலியில் உட்காரவைத்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது எது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ரப்பரை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். அடுக்களைக்குப் போய், குப்பையைக் கீழ்த்தளத்துக்குத் தள்ளும் சுவர்த் துவாரத்தின் மூடியைத் திறந்து அதற்குள் எறிந்தேன். பத்து மாடி கீழே அது விழுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. திரும்பி வந்து பேனாவை எடுத்து, அவள் தாளில், அழித்த தடத்தின் மேலேயே பெட்டிகளைத் திரும்ப வரைந்தேன். அழுத்தமாக, கறுப்பு மையில். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் எக்ஸ் என்று எழுதினேன்.

“பெட்டியும் எக்ஸும் ஒண்ணுதான். இத யாருக்காகவும் அழிக்கக்கூடாது. புரியுதா?”

“சரிம்மா” என்றாள்.

கணவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வழக்கம்போல மேசையைப் பார்த்துச் சிரித்த முகமாக வந்தார். “என்ன கணக்கு? அப்பாகிட்ட காட்டு.”

மகள் தாளை அவர் பக்கம் திருப்பினாள். பேனாவில் போட்டதை அழிக்க முடியாது. அதனால் உள்ளங்கையை விரித்து அந்தப் பெட்டிகளின் மேல் வைத்துக்கொண்டு, விடையை மட்டும் அவருக்குக் காட்டினாள்.